டர்போவின் தொண்டையில் கரி

அத்தியாயம் 7

"நாலு மணிக்கு உங்க தங்கச்சி கையெழுத்துப் போட்டா, நாலேகாலுக்கு உங்க கைக்கு வளையல் மாட்டிடுவாங்கண்ணே" என்றான் ஒட்டடை. "வெள்ளி நிறம். அளவுகூட எடுக்க மாட்டாங்க."

மெக்கானிக் சிரிக்கவில்லை. சிரிப்பை மறந்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

முப்பத்திரண்டு நாளுக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, பொழுது சாயும் நேரம், மலைச்சாலையின் மூன்றாவது வளைவில் ஒரு பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளின் இன்ஜின் ஓட்டத்திலேயே ஜாம் ஆனது. பின்சக்கரம் இறுகி நின்றது. ஓட்டியவர் ஓரக் கல்லில் போய் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அவர் மெக்கானிக்கின் தங்கை கணவர். அந்த வண்டிக்கு டர்போ பொருத்திக் கொடுத்தவர் மெக்கானிக்.

காயலான் கடையில் பொறுக்கிய தேய்ந்த டர்போவைத் தெரிந்தே மாட்டியிருக்கிறார் என்று வண்டியைப் பார்த்த அதிகாரி எழுதிவிட்டார். அதை ஒப்புக்கொண்டு, இறந்தவரின் மனைவி இன்று நாலு மணிக்கு ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் இன்ஸ்பெக்டர் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த அவகாசத்தை அவர் கொடுத்ததும் கருணையால் அல்ல. லென்ஸ் மேடம் வந்து கேட்டதால்.

லென்ஸ் மேடம் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்தவர். மனிதர்கள் சொன்னதைவிட இரும்பு சொன்னது சரியாக இருந்ததைக் கண்டு கண்டு, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். மற்றவர்கள் கழுத்தில் சங்கிலி போடும் இடத்தில் அவர் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார். உதவியாளன் ஒட்டடைக்கு வயது நாற்பத்திரண்டு, உயரம் ஆறடிக்கு மேல், உடம்பு என்று சொல்ல அதிகம் இல்லை. மழையில் துளிகளுக்கு நடுவே நடந்து போய் நனையாமல் வருவான் என்று பேச்சு.

மூவரும் ஸ்டேஷன் பின்புறத் தகரக் கொட்டகையில் நின்றார்கள். தரையில் விரித்த சாக்கின்மேல் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்த இன்ஜின் கிடந்தது. மணி பதினொன்று.

மெக்கானிக்குக் கைவிலங்கு பயம் இல்லாமல் இல்லை. ஆனால் தூக்கத்தைத் தின்றது அது அல்ல. விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது அவருக்கு ஒரே கேள்விதான்: நானா கொன்றேன்? அதைத் தங்கையிடம் கேட்க வழியில்லை. அவள் அவரிடம் பேசியே முப்பத்திரண்டு நாள்.

"அண்ணே, எனக்கு ஒரு தடவை புரியற மாதிரி சொல்லுங்க" என்று ஒட்டடை சாக்கின் ஓரத்தில் குந்தினான். "இந்த நத்தை என்ன பண்ணுது?"

டர்போ பார்க்க நத்தை மாதிரிதான் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் இரண்டு இரும்பு ஓடு, முதுகோடு முதுகு ஒட்டியது. ஒரு ஓடு உடைந்து வாயைப் பிளந்திருந்தது.

"இன்ஜின் வெளிய தள்ற புகை வீணாத்தான போகுது. அந்தப் புகைய விட்டு இந்தப் பக்கம் ஒரு விசிறியச் சுத்த வைக்கறோம். தண்டு ஒண்ணுதான். அதோட அந்த முனையில இன்னொரு விசிறி. அது காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடினா பெட்ரோல் கூடும். பெட்ரோல் கூடினா இழுவை கூடும்."

"தன் மூச்சை வெச்சே தன்னை ஊதிக்கறது. எங்க பெரியப்பா மாதிரின்னு சொல்லுங்க."

"கொஞ்சம் வாய மூடிட்டு வெளிச்சத்தைப் பிடி" என்றார் லென்ஸ். டார்ச் ஒளியில் அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "சிலிண்டருக்கு அடியில இந்தத் தகடு எதுக்கு?"

"மூணு மில்லிமீட்டர் அலுமினியம் மேடம். காத்தை அழுத்தி அனுப்பறப்ப பழைய இன்ஜின் தாங்காது. சிலிண்டரைக் கொஞ்சம் தூக்கி வெச்சா உள்ள இடம் கிடைக்கும். அழுத்தமும் ஒரு அளவுக்கு மேல போகாம, மிச்சக் காத்து வெளிய போக ஸ்பிரிங் வெச்சு வழி விட்டிருக்கேன்."

"பேராசைப்படல."

"அவருக்குப் பேராசை இல்ல மேடம். ரேஸ் ஓட்டவா கேட்டாரு? லிஃப்ட் ரிப்பேர் வேலை, மலைக்கு அந்தப் பக்கம். சாயங்காலம் மேட்டுல லாரிக்குப் பின்னாடி ஊர்ந்து வீடு வந்து சேர்றதுக்குள்ள குழந்தை தூங்கிடுது, மச்சான், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அதோட கண்ணைப் பாக்கறேன்னாரு. அப்பா வெச்சிருந்த வண்டி, விக்கவும் மனசில்ல. இருபது நிமிஷம் மிச்சமானா போதும்னாரு." மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். கையில் ஒன்றும் இல்லை. "மிச்சமாச்சு மேடம். இருபத்திரண்டு நிமிஷம்."

லென்ஸ் டர்போவின் நடுப்பகுதியை எடுத்தார். தண்டைத் தாங்கும் பேரிங்கின் ஓரத்தில் பூதக்கண்ணாடியை வைத்தவர் அப்படியே நின்றார்.

"இந்தப் புள்ளி?"

"நான் புதுசா மாத்தற சாமானுக்கெல்லாம் ஓரத்துல ஒரு புள்ளி குத்துவேன். அது புது பேரிங். நாலு மாசம்தான் ஆச்சு. அதிகாரிகிட்ட அத்தனை தடவை சொன்னேன். காதுலயே வாங்கல."

"அப்ப தேஞ்ச டர்போ இல்ல, நாலு மாசத்துல தேய்க்கப்பட்ட டர்போ. ஆயில் வர்ற ஓட்டை எவ்வளவு போட்டீங்க?"

"ஒன்றரை மில்லி."

லென்ஸ் முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து ஓட்டைக்குள் விட்டார். நுனிகூட நுழையவில்லை. நெருடி எடுத்தபோது ஊசிமுனையில் கறுப்பாக ஒரு பொருக்கு வந்தது. அதை வெள்ளைத் தாளில் வைத்து, கண்ணாடி வழியே ஒட்டடைக்குக் காட்டினார்.

"கரி" என்றான் அவன்.

"எத்தனை?"

"கரிய எண்ணுவாங்களா மேடம்?"

"நல்லாப் பாரு. பால் ஒரு நாள் அடிப்பிடிச்சா பாத்திரத்துல ஒரு தோல்தான் இருக்கும். இது அடுக்கடுக்கா இருக்கு. தினம் தினம், கொஞ்சம் கொஞ்சம்."

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. அந்த அடுக்குகளின் பொருள் அங்கிருந்தவர்களில் அவருக்குத்தான் முதலில் தெரியும். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்று சுற்றுவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல். மேடு ஏறி வந்த வண்டியில் அது நெருப்பாய்க் கொதிக்கும். இன்ஜின் ஓடும்வரை எண்ணெய் வந்து வந்து குளிர்விக்கும். வந்த சூட்டோடு நிறுத்திவிட்டால் உள்ளே தங்கிய எண்ணெய் அங்கேயே வெந்து கரியாகும். கரி வழியை அடைக்கும். எண்ணெய் இல்லாத தண்டு ஆடும், ஒரு நாள் ஒடியும். ஒடிந்த விசிறியின் துண்டு காற்றோடு காற்றாக இன்ஜினுக்குள் போய் வால்வில் சிக்கும்.

"யாரோ சூடு ஆறாமலே நிறுத்தியிருக்காங்க" என்றார் மெக்கானிக் மெதுவாக. "மாப்ளை இல்ல. அவர் அப்படிச் செய்யவே மாட்டாரு. நிறுத்தறதுக்கு முன்னாடி நூறு எண்ணுங்கன்னு சொல்லியிருந்தேன். ஒரு நாள் தவற மாட்டாரு."

"தவற மாட்டாருதான்" என்றான் ஒட்டடை. "நேத்து அவர் ஆபீஸ் வாட்ச்மேனைப் பாத்தேன். காலையில வந்து நின்னு சத்தமா எண்ணுவாராம். இவர் எண்ணி எண்ணி எனக்கே நூறு வரைக்கும் வந்துடுச்சுங்கறாரு. பெட்ரோல் பங்க்ல அதுக்கு மேல. ஓடற வண்டியோட உள்ள வரக்கூடாதுன்னு திட்டினதால, கேட்டுக்கு வெளியவே நின்னு எண்ணி முடிச்சிட்டு, வண்டிய உள்ள தள்ளிட்டு வருவாராம். பெட்ரோல் போட வண்டியத் தள்ளிட்டு வந்த முதல் ஆளு, அதுவும் பெட்ரோல் தீராமலே!"

"அப்ப அந்தப் பழைய வண்டி வியாபாரிதான்!" மெக்கானிக் சாக்கை மிதித்துக்கொண்டு முன்னால் வந்தார். "மூணு தடவை வந்து விலைக்குக் கேட்டான். கொடுக்க மாட்டோம்னு சொன்னோம். சாவிக்கு நகல் போட்டு, அவர் வேலைல இருக்கறப்ப தினமும் எடுத்து ஓட்டியிருக்கான். வயித்தெரிச்சல் பிடிச்சவன்! வாங்க மேடம், இப்பவே அவன் சட்டையைப் பிடிப்போம்."

மூழ்குகிறவன் துரும்பைப் பிடிப்பதுபோல அவர் அந்த வியாபாரியைப் பிடித்துக்கொண்டார். லென்ஸ் விபத்தன்று மாப்பிள்ளையிடம் இருந்து எடுத்த பொருள்களின் பையைக் கேட்டு வாங்கினார். நேற்றுத்தான் ஸ்டேஷனில் அதை மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தார்கள். பர்ஸ், சீப்பு, பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன நோட்டு.

"இது என்ன நோட்டு?"

"தினம் ஓடின கிலோமீட்டர். எதையும் குறிச்சு வைக்கற பழக்கம்."

லென்ஸ் பக்கங்களைத் தள்ளினார். "வீட்டுல இருந்து ஆபீஸ் முப்பத்தெட்டு. போக வர எழுபத்தாறு. எழுபத்தாறு, எழுபத்தாறு, எழுபத்தாறு... நாலு மாசத்துல ஒரு நாள்கூட எழுபத்தேழு இல்ல. உங்க வியாபாரி வண்டிய ஓட்டினா மீட்டர் ஓடாதா? காத்துலயா ஓட்டுவான்?"

மெக்கானிக் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிடித்த துரும்பும் போயிற்று.

"ஓட்டினது ஒரே ஆள்தான்" என்றார் லென்ஸ். "ஆனா ஓட்டினவர் வேற, நிறுத்தினவர் வேற."

அப்போதுதான் நோட்டின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டு நழுவி விழுந்தது. ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடையின் பெயர் அச்சடித்த துண்டுச் சீட்டு. ஒட்டடை எடுத்துப் படித்தான்:

*சனி காலை. சாவி எடுத்த பிறகும் 2 நிமிஷம் ஓட வேண்டும். ஸ்விட்ச் வெளியே தெரியக் கூடாது.*

"சாவி எடுத்த பிறகும் ஓடணுமா?" ஒட்டடை தலையைச் சொறிந்தான். "சாவி போட்டே ஓடாத வண்டியத்தான் நான் வெச்சிருக்கேன்."

மாப்பிள்ளை இறந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை அவருக்கு வரவே இல்லை.

ஒட்டடையின் கார் மூன்றாவது முயற்சியில் கிளம்பியது. எலெக்ட்ரீஷியன் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தரையெல்லாம் பேட்டரி, சுவரெல்லாம் கம்பிச் சுருள், ஈயம் உருகிய வாசனை. 'ஃபியூஸ்' என்று ஊரே கூப்பிடும் அந்த மனிதர் ஒரு ஹாரனை மடியில் வைத்துக் குடைந்துகொண்டிருந்தார். சீட்டைக் காட்டியதும் நிமிர்ந்தார்.

"பழைய வண்டிக்காரரா? சனிக்கிழமை வர்றேன்னாரு. ஆளே காணோம். வேற கடைக்குப் போயிட்டாரா?"

"போயிட்டாரு" என்றார் லென்ஸ். எங்கே என்று சொல்லவில்லை. "இந்த வேலைய எதுக்குக் கேட்டாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். மறதியில டக்குனு அணைச்சிடறீங்களான்னேன். நான் அணைக்கறதில்லன்னாரு. பின்ன யாரு, திருடனான்னேன். சிரிச்சாரு. கோவிச்சுக்க முடியாத ஆளுன்னாரு."

லென்ஸ் கேட்டார்: "அணைக்காதீங்கன்னு அந்த ஆள்கிட்டயே சொல்லிட வேண்டியதுதான?"

"சொன்னேனே! எதுக்கு வீணா வயரை வெட்டி ஒட்டணும், வாயால சொல்லுங்கன்னேன். சொன்னா ஏன்னு கேப்பாங்கன்னாரு. கேட்டா சொல்லுங்கன்னேன். அதான் முடியாது, வாக்குக் கொடுத்திருக்கேன்னாரு. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. சரி, நமக்கென்ன, வேலை வந்தா போதும்னு சீட்டு எழுதிக் கொடுத்தேன்."

"காலையிலயா சாயங்காலமா? எப்ப அணைக்கறாங்கன்னு சொன்னாரா?"

"காலையில பிரச்சினையே இல்ல, சாயங்காலம் மட்டும்தான்னாரு." ஃபியூஸ் ஹாரனைக் காதில் வைத்து ஆட்டினார். "ஏங்க, என்ன ஆச்சு அவருக்கு?"

ஒட்டடைதான் சொன்னான். அந்த ஒரு தடவை அவன் வாயில் கேலி இல்லை. ஃபியூஸ் ஹாரனை மெதுவாகக் கீழே வைத்தார்.

வெளியே வந்ததும் மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பத்திரண்டு நாளில் முதல்முறையாக முகத்தில் ரத்தம் ஓடியது. "கிடைச்சிடுச்சு மேடம்! அவர் ஆபீஸ்ல மேல இருக்கறவன் யாரோ. இன்ஜின்ல கை வெச்ச வண்டிக்கு அங்க அனுமதி இல்ல, அதான் ஏன்னு சொல்ல முடியல. சாயங்காலம் ஷெட்டுல வண்டிய நகத்தறப்ப... ஆளைப் பிடிச்சிடலாம். மணி ரெண்டுதான் ஆகுது. வாங்க, வாங்க."

லென்ஸ் காரில் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாயங்காலம் ஆபீஸ்ல வண்டி காலையில இருந்து ஆறி, பச்சத்தண்ணி மாதிரி இருக்கும். அதை யார் அணைச்சாலும் கரி பிடிக்காது."

"அப்ப..."

"டர்போ போட்டது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. மாப்ளைக்கு. அவ்வளவுதான்."

"உங்க தங்கச்சிக்கு?"

"ஐயோ, தெரிஞ்சா விடுவாளா மேடம்? அவளுக்கு வேகம்னாலே ஆகாது. புது சைலன்சர்னு சொல்லுங்க மாப்ள, வீட்டுக்குத் தெரிய வேண்டாம், வாக்குக் கொடுங்கன்னு நான்தான்..."

தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் பீப் பீப் சத்தம் நிற்கும்வரை மூவரும் அப்படியே நின்றார்கள்.

லென்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மலை ஏறி வந்து வாசல்ல நிக்குது வண்டி. அன்னிக்கு முழுக்க அதுக்கு உச்ச சூடு அப்பதான். குழந்தை கண்ணு சொருகற நேரம். நூறு எண்ணிட்டு நின்னா, எதுக்காக டர்போ போட்டாரோ அதுவே போயிடும். அதனால வண்டி ஓடட்டும்னு விட்டுட்டு உள்ள ஓடுறாரு. பின்னாடியே ஒருத்தங்க வெளிய வர்றாங்க. இந்த மனுஷனுக்குக் குழந்தையப் பாக்கற அவசரத்துல வண்டிய அணைக்கக்கூட நினைப்பில்லையேன்னு சாவியத் திருப்பி, எடுத்துட்டு உள்ள போறாங்க. தினமும். அதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?"

"இல்ல" என்றார் மெக்கானிக். "இல்ல மேடம். இல்ல."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே வெட்டச் சொன்னவரும் அவர்தான். இத்தனை நாள் யாராவது ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று தேடியவர், இப்போது நடுத்தெருவில் லென்ஸ் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதீங்க. உங்க ரிப்போர்ட்டுல இது வேண்டாம். பழைய டர்போதான், தெரிஞ்சேதான் போட்டேன்னு ஒத்துக்கறேன். உள்ள போறேன். எத்தனை வருஷம்னாலும் போறேன். புருஷனை நீதான் கொன்னேன்னு யாராவது அவகிட்ட சொன்னா..."

"யாரும் அப்படிச் சொல்லல."

"அவளே சொல்லிப்பா மேடம். ஆயுசுக்கும் சொல்லிப்பா."

லென்ஸ் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "இரும்பு சொன்னதை நான் எழுதாம விட மாட்டேன். ஆனா அவங்க காதுல அது முதல்ல யார் வாயால விழணும்கறதை நீங்க முடிவு பண்ணலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னு ஒரு தடவை முடிவு பண்ணீங்க. இது ரெண்டாவது தடவை."

கார் கிளம்ப ஐந்து முயற்சி எடுத்தது. ஒட்டடை அதைத் திட்டவில்லை.

தங்கையின் வீட்டு வாசலில் அவர்கள் இறங்கியபோது மணி மூன்று இருபது. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அக்குளில் ஒரு ஃபைல். தெருமுனை மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. வேலைக்குப் போகும் அதே வெளிர்நீலப் புடவை. அண்ணனை அவள் கண்கள் தாண்டிப் போயின, கதவையோ சுவரையோ தாண்டுவதுபோல.

"வாங்க மேடம். ஸ்டேஷனுக்குத்தான் கிளம்பிட்டேன். ஏதாவது தெரிஞ்சதா?"

லென்ஸ் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"என் தப்புதாம்மா. பழைய டர்போ. தேஞ்சது. காசை மிச்சம் பிடிக்க நான்..."

அவள் பூட்டிலிருந்து சாவியை உருவினாள். திரும்பி, முப்பத்திரண்டு நாளுக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

"பொய் சொல்லாத. தேஞ்ச சாமானை நீ அவருக்கு மாட்டுவியா? உன் கை எனக்குத் தெரியாதா?"

அவளைச் சமாளிக்க வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார் மெக்கானிக். அழுவாள், ஏசுவாள், சபிப்பாள் என்று எதிர்பார்த்தார். இதை எதிர்பார்க்கவில்லை. அதிகாரி நம்பவில்லை, இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. பேசாமல் இருந்த இந்த ஒருத்திதான் அத்தனை நாளும் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த நம்பிக்கைக்கு முன்னால் பொய் நிற்கவில்லை.

வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டர்போவை, சூட்டை, கரியை, நூறை, வாக்கை, சனிக்கிழமைச் சீட்டை. சாவி திருப்பியவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. அவர் பாதி சொல்லும்போதே அவள் பார்வை வாசலில் வண்டி நிற்கும் இடத்துக்குப் போய்விட்டது.

"தினமும் கத்தவிட்டுட்டு உள்ள போயிடுவாரு" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "இவளுக்குத் தூக்கம் கெடுமேன்னு ஓடிப்போய் அணைப்பேன். ஒரு நாள் கேட்டேன், ஏங்க, அணைச்சிட்டு வந்தாதான் என்னன்னு. சிரிச்சிட்டு, நீதான் இருக்கியேன்னாரு."

குழந்தை ஃபைலின் நாடாவை வாயில் வைத்துச் சப்பியது. அவள் அதை மெல்ல விடுவித்தாள்.

"கடையில ஒரு சின்ன மாத்திரை கொடுத்தாக்கூட, எப்ப போடணும், எதோட போடக் கூடாதுன்னு கவர்மேல எழுதித்தான் கொடுப்பேன். எழுதாம கொடுத்து ஏதாவது ஆனா யார் தப்பு?"

"கொடுத்தவன் தப்பு" என்றார் மெக்கானிக்.

"ஆமா. கொடுத்தது நீ." அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "ஊட்டி விட்டது நான்."

ஒட்டடை முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான். லென்ஸ் மட்டும் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்துவிடுவாளோ என்று ஒரு கையைச் சற்று முன்னால் வைத்திருந்தார்.

அவள் விழவில்லை. அண்ணன் உட்கார்ந்திருந்த படியிலேயே, கைக்கெட்டும் தூரம் விட்டு உட்கார்ந்தாள். ஃபைலைத் திறந்தாள். உள்ளே ஸ்டேஷனில் டைப் அடித்துக் கொடுத்த வாக்குமூலம். 'மேற்படி மெக்கானிக் என்பவர்' என்று ஆரம்பித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை ஃபைலின்மேல் வைத்தாள். ஒட்டடை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

"ஸ்டேஷன்ல கேட்டா என்ன சொல்லப் போற?" என்று மெக்கானிக் கேட்டார். "வேண்டாம்மா. உன் பேர் இதுல வரவே வேண்டாம். நான் போறேன்."

"நீங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரிய வேண்டாம்னு முடிவு பண்ணது போதும்" என்றாள். இடுப்பிலிருந்த குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "பிடி. உன்கூடப் பேசிட்டேன்னு நினைச்சுக்காத. எழுத ரெண்டு கையும் வேணும்."

மெக்கானிக் குழந்தையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிச் சாமானைப் பிடிப்பதுபோலப் பிடித்ததில் அது நெளிந்து சிணுங்கியது. பிறகு அவர் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுக்கத் தொடங்கியது. மணி மூன்று நாற்பது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அவள் பேனாவைத் தாள்மேல் வைத்தாள். மருந்து உறைமேல் எழுதும் அதே திருத்தமான எழுத்தில், யாரும் இரண்டாவது தடவை கேட்க வேண்டியிராதபடி, முதல் வரியை எழுதினாள்:

*என் அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.*